சந்தேகம் வந்தால் போடும் முடிச்சு

கவுஞ்சி
7.10.2024

புவனாவுக்கு அன்னக்கொடி எழுதுவது.

போன் போட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சண்டைக்குத்தான் போவேன். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. போன் போடாதே.

போன வாரத்து மழையில் நம் ஓடையின் மரப்பாலத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. பூண்டு முழுக்க அக்கரையில் கிடக்கிறது. பிடுங்கிக் கட்டுப் போட்டு வைத்த பிறகுதான் இந்த மழை. இன்னும் கொஞ்ச நாள் ஈரத்தில் கிடந்தால் முளை விட்டுவிடும். பிறகு வடுகபட்டிச் சந்தையில் அதை யாரும் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். சோலைக்காட்டைச் சுற்றிக்கொண்டு வர ஒரு தடம் உண்டு, உனக்குத் தெரியும். அங்கே காட்டுமாடு நிற்கிறது.

உன் அண்ணனும் என் தம்பி விக்னேஷும் சேர்ந்து ஒரு யோசனை செய்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் டிரம்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு ஒரு தெப்பம். இரண்டு கரை மரங்களுக்கும் கயிறு கட்டி, தெப்பத்தை அதில் கோத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள் நின்று இழுப்பது. கயிறுதான் வம்பு செய்கிறது. ஒன்று லாரியில் பாரம் கட்டுகிற மொத்தக் கயிறு, இன்னொன்று மெல்லிய நைலான். இரண்டையும் சேர்த்தால்தான் அக்கரை எட்டும். மூட்டைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தார்கள். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

“கயித்து சோலி தெரிஞ்ச ஆளு நம்ம வீட்டுலயே ஒண்ணு இருந்துச்சு” என்றார் உன் அண்ணன். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

என் தம்பிக்கு உன்னைப் பேசி, பூ வைத்து, பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்த பிறகு, பாய்மரப் படகு ஓட்டப் போகிறேன் என்று விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறிப் போனவள் நீ. என் தம்பியை ஊர் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஆனால் பூண்டு எல்லாருக்கும் பொதுவானது, உனக்கும் அதில்தான் காலேஜ் பீஸ் கட்டினோம். என்ன முடிச்சு, எங்கே போடுவது என்று படம் போட்டு வெரசா எழுது.

அன்னக்கொடி

ராயபுரம், சென்னை
12.10.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். கவரைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பூண்டும் ஓடையும்தான் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கயிறுகளைச் சேர்ப்பது. மூட்டை முடிச்சை நாங்கள் சுருட்டிய படகுப் பாயைக் கட்டத்தான் போடுவோம். கட்டிய பொருள் அசையாமல் இருந்தால் அது நிற்கும். இரண்டு கயிற்றைச் சேர்த்து இழுக்கிற வேலைக்கு ஆகவே ஆகாது, அதிலும் ஒன்று மொத்தம், ஒன்று மெலிசு என்றால். அதற்கு ஷீட் பெண்ட் என்று ஒன்று இருக்கிறது. மொத்தக் கயிற்றின் நுனியை மடித்துப் பிடியுங்கள். மெல்லியதை அந்த மடிப்புக்குள் கீழிருந்து மேலே விட்டு, மடிப்பின் இரண்டு காலையும் பின்னால் சுற்றி, தன் அடியிலேயே செருகுங்கள். உங்களுக்கு இரண்டு சுற்று வேண்டும். முதல் படம் பார்க்கவும்.

மரத்தில் கட்டுவதற்கு: கயிற்றால் மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு இரண்டு அரைமுடிச்சு. பூத் தொடுக்கும்போது விரலால் போடுகிற சுருக்கு மாதிரிதான். பாதிப் பாரத்தை அந்தச் சுற்றே தாங்கிவிடும். மாட்டை முளைக்குச்சியில் கட்டுகிற கட்டைப் போட வேண்டாம். கயிறு பக்கம் மாறி இழுபட்டால் அது நழுவும்.

மூன்றாவது, போலைன். ஒரு வளையம். எவ்வளவு இழுத்தாலும் வளையம் சுருங்காது, நழுவாது. தெப்பத்தைக் கயிற்றோடு கோக்க இதைப் போடுங்கள். கடலில் விழுந்தவர்களைத் தூக்கவும் எங்களுக்கு இதுதான். இடுப்பில் போட்டாலும் உடம்பை இறுக்காது. மூன்றாம் படத்தைப் பார்த்துச் சும்மா ஒரு துண்டுக் கயிற்றில் போட்டுப் பழகுங்கள், இரண்டு நாளில் கை தானாகப் போடும். எந்த முடிச்சு என்று எப்போது சந்தேகம் வந்தாலும் இதையே போடுங்கள். நான் படகு ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கு வருகிற பிள்ளைகளுக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்வேன்.

நான் போனதைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் எழுதி, கிழித்துவிட்டேன். உங்கள் தம்பியை நான் எந்த விதத்திலும் குறைவாக நினைத்ததில்லை. வேண்டாம் என்று வீட்டில் சொல்ல வழி தெரியவில்லை. சொன்னால் நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னைச் சம்மதிக்க வைத்துவிடுவீர்கள் என்று பயந்தேன். இப்போது எழுதும்போது அது சின்னக் காரணமாகத்தான் தெரிகிறது.

புவனா

கவுஞ்சி
24.10.2024

புவனாவுக்கு,

படங்கள் வந்தன. ஆண்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எல்லா முடிச்சையும் போட்டது நான்தான். அடுப்படியில் உட்கார்ந்து பழகினேன். ஷீட் பெண்ட் முதலில் நாலைந்து தடவை தப்பிப் போனது. போலைன் கைக்கு வந்துவிட்டது. இப்போது பால் கேனைக்கூட அதில்தான் கட்டுகிறேன்.

பாதிப் பூண்டு இக்கரைக்கு வந்துவிட்டது. ஒரு முடிச்சும் அசையவில்லை. பக்கத்துக் காட்டுச் சின்னக்கருப்பன் வந்து பார்த்துவிட்டு, “கப்பல்காரக கெட்டுன மாதிரியில்ல கெடக்கு” என்றார். அவர் உருளைக்கிழங்கும் இதிலேதான் வருகிறது. இரண்டு நாளாக ஆட்களும் ஏறிக் கடக்கிறார்கள். நீ எழுதியபடி இடுப்பில் வளையம் போட்டு, மறுமுனையைக் கரையில் மரத்தில் கட்டிவிடுகிறேன்.

உன்னிடம் மறைப்பானேன். விக்னேஷுக்குப் பெண் முடிவாகியிருக்கிறது. ஆடலூர். காப்பித் தோட்டக்காரர்கள். பெண் பெயர் பாண்டிச்செல்வி. தை மாதம் கல்யாணம். அவனாகவே இரண்டு தடவை ஆடலூருக்குப் போய்விட்டு வந்தான், மிளகு விலை கேட்க என்று சொல்லிக்கொண்டு. அவன் இப்படிச் சிரித்து நாளாயிற்று. உன்மேலும் எனக்கு மனசு கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது.

அன்னக்கொடி

ராயபுரம்
30.10.2024

அன்புள்ள அண்ணி,

கடிதத்தைப் பள்ளியில் எல்லாரிடமும் காட்டினேன். ‘எங்கள் அண்ணி மேல்மலையில் ஷீட் பெண்ட் போடுகிறார்’ என்று பெருமையடித்துக்கொண்டேன். ஆட்கள் ஏறும்போது வளையம் போடுவது நல்லது, அப்படியே செய்யுங்கள்.

பாண்டிச்செல்வி என்ற பெயர் நன்றாக இருக்கிறது. நிஜமாகவே சந்தோஷப்படுகிறேன். ஒன்று கேட்கட்டுமா? கல்யாணத்துக்கு நான் வரலாமா? முன்வரிசையில் உட்கார மாட்டேன். பந்தியில் பரிமாற ஆள் வேண்டும்தானே. வேண்டாம் என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புவனா

கவுஞ்சி
21.11.2024

புவனாவுக்கு,

உன் அண்ணன் போனில் சொல்லியிருப்பார். நீ உடனே கிளம்பி வருகிறேன் என்றாயாம். நான்தான் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். தேனி ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் விக்னேஷைக் கூட்டி வந்தோம். நடந்தது என்ன என்று உன் அண்ணன் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன்.

அன்று கடைசி மூட்டைகள். தண்ணீர் முந்தின நாளைவிடக் கூடுதல். தெப்பம் சாயாமல் பார்த்துக்கொள்ள விக்னேஷ் மூட்டைகளோடு ஏறினான். இடுப்பில் வளையம் போட்டேன். மறுமுனையை மரத்தில் கட்டினேன். நீ மரத்துக்கு இரண்டு சுற்றும் அரைமுடிச்சும் என்று எழுதியிருந்தாய். ஆனால் இது மனுசனைக் கட்டுகிற கயிறு, மூட்டையைக் கட்டுவது அல்ல. எது நல்லது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் இதையே போடுங்கள் என்று எழுதியிருந்தாயே. போலைன் போட்டேன்.

நடு ஓடையில் ஒரு கட்டை அடித்துக்கொண்டு வந்து தெப்பத்தில் மோதியது. அவன் கீழ்ப்பக்கம் விழுந்தான். கயிறு விறைத்தது. முதலில் நான், அப்பாடா கயிறு பிடித்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் அவன் தலை மேலே வரவில்லை. கயிறு அவனை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டது, தண்ணீர் அவன் மேல் ஏறிப் போகிறது. வளையம் இடுப்பிலிருந்து மேலே போய்க் கக்கத்தில் மாட்டி, வலது கையை முறுக்கிவிட்டது. உன் அண்ணன் கயிற்றைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க அவன் இன்னும் உள்ளே போனான்.

“அவுத்து விடு, அன்னக்கொடி. அவுத்து விடு” என்று கத்தினார்.

அவிழ்க்க முடியவில்லை, புவனா. அந்த முடிச்சு கல்லாக நின்றது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, கயிற்றில் ஒரு இழை இளகவில்லை. சின்னக்கருப்பன் அரிவாளோடு ஓடி வந்து ஒரே வெட்டாக வெட்டினார். அவன் போய்க் கேரட் கழுவுகிற வளைவில் ஒதுங்கினான். தூக்கும்போது மூச்சு இல்லை. கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டி, அப்புறம் வந்தது.

உயிர் இருக்கிறது. வலது கை தோளிலிருந்து தொங்குகிறது. நரம்பு அறுந்திருக்கிறது என்கிறார்கள். வரலாம், வராமலும் போகலாம்.

ஒன்றே ஒன்று சொல். அந்த முடிச்சு இழுபடும்போது அவிழாது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அன்னக்கொடி

ராயபுரம்
2.12.2024

அண்ணி,

தெரியும்.

பாரம் இருக்கும்போது போலைனை அவிழ்க்க முடியாது. பாரம் தளர்ந்த பிறகுதான் இளகும். மரத்தில் போடச் சொன்ன சுற்றும் அரைமுடிச்சும் அப்படியில்லை, இழுபடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். இது எங்கள் பாடத்தின் இரண்டாம் நாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். உங்களுக்கு முதல் நாள் பாடத்தை மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். எதை எங்கே கட்டுவது என்று எழுதினேன். அவசரத்தில் எதை அவிழ்க்க முடியும் என்று எழுதவில்லை.

நான் நினைத்தது முழுக்கக் கடலை. கடலில் ஆள் விழுந்தால் படகும் தண்ணீரும் ஆளும் சேர்ந்தே நகரும், கயிற்றைப் பிடித்துத் தூக்கிவிடுவோம். ஓடையில் தண்ணீர் ஓடும், கயிறு ஆளை நிறுத்திவைக்கும். அந்த ஓடையில் குளித்து வளர்ந்தவள் நான். ஆட்களும் ஏறுகிறார்கள் என்று நீங்கள் எழுதியபோதாவது என் புத்திக்கு எட்டியிருக்க வேண்டும். நான் பாராட்டுக் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தை நீங்கள் வைத்திருந்தால் தயவுசெய்து எரித்துவிடுங்கள்.

இப்போது பிள்ளைகளுக்கு அந்த முடிச்சைச் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. கயிற்றைக் கையில் எடுத்தால் உங்கள் நகம்தான் ஞாபகம் வருகிறது. வேறு ஒருவரை வகுப்பெடுக்கச் சொல்லிவிட்டுப் படகு கழுவுகிறேன்.

ஆடலூர்க்காரர்கள் பின்வாங்கிவிட்டதாக அண்ணன் சொன்னார். ‘தோட்ட வேலைக்கு ரெண்டு கை வேணுமே’ என்று பெண்ணின் அப்பா சொன்னாராம். இரண்டாவது தடவையாக உங்கள் தம்பியின் கல்யாணம் என்னால் நின்றிருக்கிறது.

அண்ணி, இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் வந்துவிடுகிறேன். அவருக்குச் சம்மதம் என்றால் கட்டிக்கொள்கிறேன். காட்டு வேலை எனக்குத் தெரியும், மறந்துவிடவில்லை. அவர் கையால் செய்ய முடியாததை நான் செய்வேன்.

புவனா

கவுஞ்சி
15.12.2024

புவனாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம் இல்லை, ஆசை. உண்மையைச் சொல்கிறேன். நீ அவனோடு காட்டில் நிற்பது போலவும், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது போலவும் ஒரு பொழுது முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன்தான், “அவனக் கேக்காம நீயா எதுவும் முடிவு பண்ணாதே” என்றார்.

விக்னேஷிடம் படித்துக் காட்டினேன். அவன் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் முடிக்கும் வரை கேட்டுவிட்டு, “வேண்டாம்க்கா” என்றான்.

“ஏம்ப்பா?”

“எரக்கப்பட்டு வர்ற பொண்ணு தெனமும் என் கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கும். நான் அது மொகத்தப் பாத்து, ஏன்டா வந்தோம்னு நெனைக்குதோன்னு தேடிக்கிட்டே இருப்பேன். ரெண்டு பேருக்கும் எதுக்கு இந்தப் பாடு?”

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, “நான்தான் மூட்டையோட ஏறுனேன். யாரும் ஏறச் சொல்லல. அத எழுதி விடு” என்றான். எழுதிவிட்டேன்.

உனக்குத் தெரியும் என்று ஒளிக்காமல் எழுதினாய். தெரியாது என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், உன்மேல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இருந்திருப்பேன். கட்டியது என் கை. மரத்துக்கு வேறு முடிச்சு என்று நீ எழுதியதை மாற்றியதும் நான்தான். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. உன் அண்ணன்கூடக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பொங்கலுக்கு வா. கல்யாணத்துக்கு இல்லை, சும்மா வா. உன் அண்ணன் ஓடையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். யாராவது வந்து அவரிடம் பேசினால் தேவலை.

அன்னக்கொடி

ராயபுரம்
22.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த பூண்டை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன், மாடிப்படி முழுக்க வாசனை.

அண்ணன் இவ்வளவு மெலிந்திருப்பார் என்று நினைக்கவில்லை. உங்கள் விரல்களைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்களும் முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டீர்கள்.

உங்கள் தம்பியோடு காட்டுக்குப் போனேன் அல்லவா. மன்னிப்புக் கேட்பதற்கென்றே போனேன். புதிதாகப் போட்ட பலகைப் பாலத்தில் அவர் முன்னால் நடந்தார். நான் பேச வாயெடுத்தபோதெல்லாம் அவர் வேறு எதையாவது காட்டினார். இந்த வரப்பில் கேரட், அந்தப் பக்கம் பீன்ஸ், காட்டுப்பன்றி இந்த வழியாக இறங்குகிறது என்று. கடல் எப்படி இருக்கும் என்று ஒரு முறை கேட்டார். ‘காற்று இல்லாத நாளில் ஒன்றும் செய்ய முடியாது, உட்கார்ந்திருக்க வேண்டும்’ என்றேன். ‘இங்கேயும் அப்படித்தான், மழை இல்லாத நாளில்’ என்றார். அவ்வளவுதான் பேசினோம். மன்னிப்புக் கேட்காமலேயே பஸ் ஏறிவிட்டேன். செண்பகனூர் தாண்டும் வரை இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை முதல் மறுபடி வகுப்பு எடுக்கிறேன். முதல் நாளே இரண்டு பாடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நேரம் போதவில்லை என்று பள்ளியில் முறைக்கிறார்கள். பரவாயில்லை.

புவனா

கவுஞ்சி
3.2.2025

புவனாவுக்கு அண்ணி எழுதுவது.

அவன் கையில் சுண்டுவிரல் லேசாக அசைகிறது. மற்றவை இல்லை. அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒற்றைக் கையால் களை எடுக்கப் பழகிவிட்டான். பாண்டிச்செல்விக்கு வேறு இடத்தில் முடிவாகிவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று அவன் காட்டிலிருந்து இருட்டிய பிறகுதான் வந்தான்.

உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு நானும் விக்னேஷும் நடந்து வந்தோம். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். “அன்னைக்கு மட்டும் இவ ஓடிப் போகாம இருந்திருந்தா” என்றேன்.

அவன் நின்றுவிட்டான். “அக்கா, அத இனி விட்டுரு” என்றான்.

“எப்படிடா விடுறது?”

“அந்தப் புள்ளைக்கு இஷ்டம் இல்லன்னு எனக்குப் பூ வச்ச அன்னைக்கே தெரியும். மொகத்துலயே எழுதியிருந்துச்சு. ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே கொடைக்கானல் வரைக்கும் கூட்டிப் போய் பஸ் ஏத்தி விட்டிருப்பேன். அதுவா சொல்லும்னு இருந்தேன். நானாவது கேட்டிருக்கலாம்.”

“அப்ப ஊரு பேசினப்ப ஏன்டா சும்மா இருந்த?”

“ஊரு ஒரு மாசம் பேசுச்சு. நீதான்க்கா இன்னும் பேசுற.”

நடுரோட்டில் அப்படியே நின்றேன், புவனா. இத்தனை வருடம் உன்னோடு பேசாமல் இருந்தது அவனுக்காக என்று நினைத்திருந்தேன். உன் அண்ணன் உன் பேரை எடுக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டது அவனுக்காக என்று. ஓடைக்குக் கயிறு கட்டக்கூட, போன் போடாமல் கடிதம் எழுது என்று சொன்னது அவனுக்காக என்று. அவன் என்னிடம் அப்படி ஒரு நாளும் கேட்கவே இல்லை.

போனில் பேசியிருந்தால், ‘மரத்தில் என்ன முடிச்சுப் போட்டீர்கள் அண்ணி’ என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருப்பாய். கேட்டிருப்பாய்தானே?

பதில் எழுத வேண்டாம். வந்து சொல். இந்த வருடப் பூண்டு விதைக்க ஆள் குறைவாக இருக்கிறது.

அண்ணி